கியர் பெட்டியை இறக்குவதற்கு முன் அதன் சத்தத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் வெளியான கட்டுரையைப் படித்தேன். பதிவுச் சான்றிதழ், காப்பீடு, கடன் நிலுவை, டயர் தேய்மானம், எஞ்சின் புகை என்று பலவற்றையும் பொறுமையாக விளக்கிய அந்தக் கட்டுரை, கியர் பெட்டியைப் பற்றி மட்டும், கியர் எளிதாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டது. கியர் மிக எளிதாக விழுந்த ஒரு காரை வாங்கிவிட்டு, அதன் பெட்டிக்குள்ளிருந்து எழுந்த சத்தத்தின் காரணத்தை அறிய ஏழு மாதங்கள் அலைந்தவன் நான். ஆகவே அந்த ஒரு வரியில் விடுபட்டதை எழுத வேண்டும் என்று தோன்றியது. சத்தம் எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல், எந்தப் பட்டறையிலும் கியர் பெட்டியை இறக்க வண்டிக்காரர் சம்மதிக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

2024 ஜூலை மாதத்தில் நான் வாங்கிய கார் 2011-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ஐந்து கியர்கள் கொண்ட, முன்சக்கரங்களால் இயங்கும் சிறிய பெட்ரோல் கார் அது. ஓடோமீட்டர் 71,000 கிலோமீட்டர் காட்டியது. வாங்கும் முன் ஓட்டிப் பார்த்தேன் என்றாலும், கடைவீதியில், குளிர்சாதனமும் பாட்டும் ஓடிக்கொண்டிருக்க, விற்பவர் பக்கத்தில் அமர்ந்து பேசிக்கொண்டே வர ஓட்டியதை ஓட்டிப் பார்த்ததாகக் கணக்கில் கொள்ள முடியாது என்று இப்போது புரிகிறது. செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் நாள்தோறும் வேலைக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான், மாவில்லாத ஆட்டுக்கல்லில் கல்லோடு கல் உரசுவது போன்ற ஓர் உறுமல் எப்போதும் கூடவே வருவது தெரிந்தது. அதன் துப்பை முதலில் கண்டவர் என் மனைவி. சிக்னலில் வண்டி நிற்கும்போது, நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் சத்தம் கேட்கிறது, பச்சை விழப்போகும் நேரத்தில் முதல் கியர் போடுவதற்காக கிளட்சை மிதித்தவுடன் அடங்கிவிடுகிறது என்று அவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பட்டறையில் அப்படியே சொல்லியிருந்தால் என் பணமும் காலமும் மிஞ்சியிருக்கும். வண்டி ஓடும்போது சத்தம் வருகிறது என்று மட்டுமே நான் சொன்னேன்.

முதலில் போன பட்டறையில் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து, பெட்டி போய்விட்டது, வேறு பழைய பெட்டி வாங்கி மாற்றிவிடலாம், கூலியோடு 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். தொகையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது பட்டறையில், இது சக்கரத்தின் பேரிங் (சுழலும் பாகத்தைத் தாங்கும், குண்டுகள் கொண்ட வளையம்) சத்தம் என்று கூறி, முன்சக்கரங்கள் இரண்டிலும் பேரிங் மாற்றி 3,400 ரூபாய் வாங்கினார்கள். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. திரும்பப் போய்ச் சொன்னபோது, பெட்டியிலிருந்த ஆயிலை வடித்துவிட்டு, லாரிகளின் பின் ஆக்சிலுக்கு ஊற்றும் 140 கிரேடு கெட்டி ஆயிலை ஊற்றி அனுப்பினார்கள். உறுமல் மங்கியது உண்மைதான். ஆனால் மார்கழிக் காலையில் வண்டியை எடுத்தால், இரண்டு கிலோமீட்டர் ஓடிச் சூடேறும் வரை இரண்டாவது கியர் விழவே மறுத்தது. விற்பதற்கு முன் சத்தத்தை மறைக்கச் சிலர் கெட்டி ஆயில் ஊற்றுவார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வாங்குபவர் எவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் சென்று ஓட்டிப் பார்த்தால், கெட்டி ஆயில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவதாக நான் சென்றது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெட்டி வேலை மட்டுமே பார்த்துவரும் பெரியவர் ஒருவரின் சிறிய பட்டறைக்கு. எல்லாரும் சத்தம் எப்போது வருகிறது என்று கேட்டார்கள். அவர் ஒருவர்தான், "சத்தம் எப்ப நிக்குது சார்?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் என் மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டதும் அவர் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையைப் பெட்டியின் உடல்மேல் பல இடங்களில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். எஞ்சினோடு பெட்டி சேரும் பக்கத்தில் மெல்லிய சீறல் மட்டும் கேட்டது. மறுமுனையில் வைத்தபோது, காதுக்குள்ளேயே கல் அரைபடுவது போலிருந்தது. என்னைக் கிளட்சை மிதிக்கச் சொன்னார். ஓரிரு விநாடிகளில் அந்த ஓசை தேய்ந்து அடங்கியது.

அதற்கான காரணத்தை அவர் எனக்குச் சொன்னவாறே சுருக்கித் தருகிறேன். இத்தகைய முன்சக்கர இயக்க வண்டிகளின் பெட்டிக்குள் முக்கியமான தண்டுகள் இரண்டு உள்ளன. கிளட்ச் வழியாக எஞ்சினோடு சேர்ந்து சுழல்வது உள்ளீட்டுத் தண்டு. சக்கரங்களோடு சேர்ந்து சுழல்வது வெளியீட்டுத் தண்டு. வண்டி நின்றுகொண்டு, எஞ்சின் ஓடிக்கொண்டு, நியூட்ரலில், கால் கிளட்சின்மேல் இல்லாதபோது உள்ளீட்டுத் தண்டு சுழன்றுகொண்டிருக்கும், வெளியீட்டுத் தண்டோ அசையாமல் நிற்கும். அந்த நிலையில் உறுமலிருந்து, கிளட்சை மிதித்ததும் அது அடங்கினால், உள்ளீட்டுத் தண்டைத் தாங்கும் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, கால் வைக்காதபோது அமைதியாக இருந்து, மிதிக்கும்போது மட்டும் கிறீச்சென்று ஓசை எழுந்தால், அது, மிதிக்கும்போது கிளட்சை அழுத்திப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங். பெட்டியின் உள்ளே அதற்கு வேலையே இல்லை. கடகடவென்று பாத்திரத்தில் கூழாங்கல் உருட்டுவது போன்ற ஓசை நியூட்ரலில் கேட்டு, மிதித்ததும் நின்றால், அது பேரிங்காக இல்லாமல், எஞ்சினின் துடிப்பால் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்வதாகவும் இருக்கலாம். கிளட்ச் தட்டின் நடுவிலுள்ள சிறு சுருள்வில்கள் தளர்ந்துபோனாலும், ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் ஐடில் வேகம் குறைவாக இருந்தாலும் இப்படித் தட்டும். உறுமலையும் தட்டலையும் பிரித்து அறியாமல் பெட்டியை இறக்கியவர்கள், உள்ளே எல்லாம் நன்றாக இருப்பதைக் கண்டு மீண்டும் மூடிய கதைகளை அவர் பல சொன்னார்.

அடுத்து அவர் என்னைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு சாலைக்குப் போனார். குளிர்சாதனம், பாட்டு இரண்டையும் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வாகனங்கள் இல்லாத நேரான சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் எட்டியதும் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுக்காமலே வண்டியை உருளவிட்டார். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் பிரேக்கின் உதவி விசையும் ஸ்டியரிங்கின் உதவியும் போய்விடும் என்பதால் எவரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம். இந்த நிலையில் உள்ளீட்டுத் தண்டுக்கு எஞ்சினின் விசை இல்லை, வெளியீட்டுத் தண்டும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும், சக்கரங்களும் மட்டுமே வேகமாகச் சுழல்கின்றன. அப்போதும் உறுமல் தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் இறங்கினால், குற்றம் வெளியீட்டுப் பக்கத்திலோ சக்கரங்களிலோ இருக்கிறது. என் வண்டியில் உருளும்போது டயர் ஓசையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால், நன்றாக இருந்த இரண்டு சக்கர பேரிங்குகளைக் கழற்றி எறிந்திருக்க வேண்டியதில்லை.

சக்கரத்தின் பேரிங்கைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. ஆளில்லாத அகலமான சாலையில் வண்டியை மெல்ல இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலச்சக்கரத்தின்மேல் சாயும். அப்போது ஓசை கூடினால் பெரும்பாலும் வலச்சக்கர பேரிங், வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடச்சக்கர பேரிங். தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு ஏறியதும் ஓசையின் தன்மை மாறினால் அது டயர். முன் டயர்களைப் பின்னும் பின் டயர்களை முன்னும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் காசு செலவில்லாமல் உறுதியாகிவிடும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக நகரும்போது டக்டக்கென்று எண்ணிச் சொல்லும்படி ஓசை வந்தால், அது சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் வெளிமூட்டு. கிளட்சை விட்டு நகரத் தொடங்கும்போது ஒரே ஒரு முட்டல் கேட்டால் உள்மூட்டையோ எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கையோ பார்க்க வேண்டும். இவை யாவும் கியர் பெட்டிக்கு வெளியே இருப்பவை. ஆயினும் பல பட்டறைகளில் எல்லாமே பெட்டியின் கணக்கில் எழுதப்படுகின்றன.

ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் இணைப்பற்களைச் சந்தேகிக்கலாம். ஐந்தாவது கியர் இதில் தனிக் கவனத்துக்குரியது. பல சிறிய கார்களில் ஐந்தாவது கியர் மட்டும் முதன்மை உறைக்கு வெளியே, பக்க மூடியின் உள்ளே தனியாக அமைந்திருக்கும். ஷாஃப்ட் வெளியேறும் இடத்திலுள்ள ஆயில் சீல் கசிந்து அளவு குறையத் தொடங்கினால், முதலில் பட்டினி கிடப்பது அதுதான். சில மாடல்களில் பெட்டியை இறக்காமல் பக்க மூடியைத் திறந்தே அதைச் சரிசெய்துவிடலாம் என்பதால், ஐந்தாவது கியரில் மட்டும் சத்தம் என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் முழுப் பெட்டிக்குக் கூலி கேட்பது நியாயமாகாது. அம்பாசிடர் போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளை இன்னும் வைத்திருப்போருக்குக் கணக்கு வேறு. அவற்றின் நான்காவது கியரில் விசை இடைத்தண்டு வழியே சுற்றிப் போகாமல் நேராகச் செல்கிறது. ஆகவே மற்ற கியர்களில் கேட்டு நான்காவதில் மட்டும் மறையும் சத்தம் இடைத்தண்டைச் சுட்டுகிறது.

கியர் மாற்றும்போது வரும் கரகரப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது கியரில் கரகரத்தால், கியர் விழும் முன் சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது என்று உடனே சொல்லிவிடுவார்கள். கிளட்ச் முழுதாகப் பிரியாவிட்டாலும் அதே கரகரப்புத்தான் வரும். வண்டி நிற்கும்போது கிளட்சை முழுதாக மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான பழைய சிறிய கார்களில் ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோ வளையம் கிடையாது. அந்த ஐந்து விநாடிக்குள் உள்ளே எல்லாம் நின்றிருக்க வேண்டும். பொறுத்த பிறகும் கரகரத்தால், கிளட்ச் இன்னும் விசையை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கேபிளைச் சரியாக முறுக்கிவைப்பதோடு வேலை முடிந்துவிடவும் கூடும்.

இவ்வளவு கேட்ட பிறகும் பெரியவர் பெட்டியை இறக்கவில்லை. முதலில் ஆயிலை வடித்தார். வடிக்கும் முன், ஆயில் ஊற்றும் துளையின் திருகைத் தளர்த்திப் பார்த்தார். கீழ்த்திருகைக் கழற்றி முழுதும் வடிந்த பிறகு, ஊற்றும் திருகு துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று காரணம் சொன்னார். சிறிய விஷயமாகத் தோன்றும் இதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். வடிந்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஏந்தி வெயிலில் சாய்த்துக் காட்டினார். வடிதிருகின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசைபோல் மென்துகள் ஒட்டியிருப்பது எந்தப் பழைய பெட்டியிலும் இயல்பு. ஆயிலில் பித்தளை மினுமினுப்பு மிதந்தால் சிங்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. விரலில் நெருடும் எஃகுச் செதில்கள் வந்தால் பேரிங்கின் ஓடுதளமோ பற்களோ உரிகின்றன. என் வண்டியில் செதில்கள் வந்தன. அவற்றோடு வடிதுளையின் விளிம்பில் செங்காவி நிறத்தில் துருவும் படிந்திருந்தது. பெரியவர் சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு, "வண்டி தண்ணியில நின்னுருக்கு சார்" என்றார்.

கியர் பெட்டியின் மேற்பகுதியில், உள்ளே சூடேறும் காற்று வெளியேறுவதற்காக மூச்சுக்குழல் ஒன்று இருக்கிறது. ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. மூச்சுக்குழல் வரை நீர் ஏறியிருந்தால் அது நீரையே உள்ளே இழுத்துக்கொள்ளும். நீர் கலந்த ஆயில் மோர்போல் வெளுக்கும். அதை உடனே மாற்றிவிட்டால் தப்பிக்கலாம். வெளியே கழுவி, இருக்கையைக் காயவைத்து, எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு விற்றால், பெட்டிக்குள் பேரிங் மெதுவாக அரிபடும். 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயலின் மழையால் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கி நின்றன என்பதைத் தங்கள் நாளிதழின் படங்களிலேயே பார்த்தோம். அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் அதே நிலை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த வண்டிகளில் ஒரு பகுதி பழைய கார் சந்தைக்குத்தான் வந்திருக்கும். என் வண்டி எப்போது, எங்கே நீரில் நின்றது என்பதற்குச் சான்று ஏதும் என்னிடம் இல்லை, ஆகவே எவரையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பட்டறையிலேயே சீட் பெல்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தபோது, சுருளின் உள்ளே மண்கறைக் கோடு ஒன்று தெளிவாக இருந்தது. வாங்கும் நாளில் அதை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் பெட்டி இறங்கியது. உறையைப் பிரித்து உள்ளீட்டுத் தண்டின் பின்முனைப் பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, என் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னார். மணலுக்குள் சுற்றுவதுபோல் தடங்கியது. உள்வளையத்தின் ஓடுதளத்தில் குண்டுகள் உட்கார்ந்திருக்கும் அதே இடைவெளியில், வரிசையாகப் பழுப்புத் தழும்புகள் இருந்தன. வண்டி ஓடாமல் நின்ற நாட்களில், குண்டும் தளமும் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் நீர் தங்கித் துருப்பிடித்திருக்கிறது. பிறகு ஓடும்போது அந்தப் புள்ளிகளிலிருந்தே எஃகு உரிந்து சத்தமாகியிருக்கிறது. பற்களெல்லாம் கண்ணாடிபோல் நன்றாக இருந்தன. முதல் பட்டறை 18,000 ரூபாய்க்கு மாற்றச் சொன்ன பெட்டி இதுதான்.

பேரிங் வாங்குவதில் வாசகர்கள் அறிந்துவைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அதன் விளிம்பில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 6205 அல்லது 6305 போன்ற எண்களில் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். ஆகவே இரண்டுக்கும் உள்விட்டம் 25. வெளிவிட்டம் முன்னதற்கு 52, பின்னதற்கு 62. எண்ணுக்குப் பின் சி3 என்று இருந்தால், சூட்டில் விரிவதற்காக உள்ளே கூடுதல் இடைவெளி விட்டுச் செய்யப்பட்டது என்று பொருள். சி3 இருந்த இடத்தில் அந்தக் குறி இல்லாத பேரிங்கைப் போட்டால், அளவெல்லாம் பொருந்தினாலும், சூடேறியதும் இறுகிச் சீக்கிரமே மீண்டும் ஓசையிடத் தொடங்கும். எல்லாக் கியர் பெட்டி பேரிங்குகளும் இந்தப் பொது எண்களில் வருவதில்லை, சில அந்த மாடலுக்கே உரியவை. எப்படியானாலும் கழற்றிய பேரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய், குறிகளை ஒத்துப்பார்த்து, ரசீதோடு வாங்குவதே நல்லது. நாங்கள் சென்னை ஜி.பி. சாலையில் அப்படித்தான் வாங்கினோம். போலிப் பொருள்கள் நடமாடும் சந்தையில் ரசீது கொடுக்க மறுப்பவரிடம் பேரிங் வாங்கக் கூடாது.

புதிய பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது பெரியவர் சுத்தியலைத் தொடவில்லை. லேத் பட்டறையின் பிரஸ்ஸில், உள்வளையத்தின்மேல் மட்டும் குழாயை வைத்து அழுத்தி ஏற்றினார். வெளிவளையத்தில் அடித்து உள்வளையத்தை ஏற்றினால், அடியின் விசை குண்டுகள் வழியாகப் போய்த் தளத்தில் பள்ளம் விழுத்திவிடும். புதிய பேரிங் முதல் நாளே கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். பெட்டி திறந்திருக்கும்போதே மற்ற பேரிங்குகளையும், ஆயில் சீல்கள் அனைத்தையும், கிளட்சின் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றச் சம்மதித்தேன். அவற்றின் விலை குறைவு, அவற்றுக்காக இன்னொரு முறை பெட்டியை இறக்கும் கூலிதான் அதிகம். கிளட்ச் தட்டு இன்னும் பாதிக்கு மேல் இருந்ததால் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பேரிங்குகளுக்கும் சீல்களுக்கும் 3,900, ரிலீஸ் பேரிங்குக்கு 700, ஆயிலுக்கு 1,100, பிரஸ் வேலைக்கு 400, கூலி 5,000, ஆக மொத்தம் 11,100 ரூபாய் ஆயிற்று. இரண்டு நாள் வேலை.

பழைய பெட்டியை வாங்கி மாற்றுவதையே தவறு என்று நான் சொல்லவில்லை. உறை விரிசல் விட்டிருந்தால், பற்கள் உடைந்திருந்தால், தயாரிப்பு நின்றுபோன மாடலின் பாகம் எங்கும் கிடைக்காவிட்டால், புதுப்பேட்டையில் கிடைக்கும் பெட்டி பலருக்குக் கை கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி எந்த வண்டியில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அதுவும் வெள்ளத்தில் நின்றதா என்பதை யார் அறிவார்? தன் வண்டியின் நல்ல பற்களைக் கொடுத்துவிட்டு, அறியாத ஒன்றின் பழைய பேரிங்குகளை வாங்கிக்கொள்வது பல நேரங்களில் நட்டமான மாற்று. பேரிங்கை மாற்றத் தெரிந்த கைகள் குறைந்துவருவதால்தான் பெட்டியையே மாற்றும் வழக்கம் பெருகுகிறது என்று அந்தப் பெரியவர் வருந்தினார். அவருடைய பட்டறையில் இப்போது உதவிக்கு ஒருவர் மட்டுமே இருக்கிறார்.

ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் வண்டியின் கையேட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை 75டபிள்யூ-85, வகை ஜிஎல்-4 என்று இருந்தது. ஜிஎல்-5 இன்னும் உயர்ந்த எண் ஆயிற்றே, அதையே ஊற்றலாமே என்று நானும் நினைத்தேன். லாரி, ஜீப் போன்றவற்றின் பின் ஆக்சிலில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும் அமைப்பு உள்ளது. அந்தக் கடும் அழுத்தத்துக்காக ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரமும் சேர்ந்த வேதிப்பொருள்கள் கூடுதலாகக் கலக்கப்படுகின்றன. அவற்றில் சில சூட்டில் பித்தளையை அரிக்கக் கூடியவை. குறுக்காக எஞ்சின் பொருத்தப்பட்ட சிறிய கார்களின் பெட்டியில் அந்த வகைப் பற்கள் இல்லை, பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. மேலும் அந்த வளையங்கள் சற்று உரசிப் பிடித்தால்தான் கியர் சத்தமின்றி விழும். மிகையாக வழுக்கும் ஆயிலில் அவை பிடிக்காமல் நழுவும். கையேட்டில் உள்ளதையே ஊற்ற வேண்டும் என்பதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பில் ஆயில் வழியும் வரை ஊற்றினால் அளவு சரியாக இருக்கும்.

இனி, தங்கள் நாளிதழின் வழியாகச் சில வேண்டுகோள்கள். கியர் பெட்டியை இறக்கச் சொல்லும் பட்டறைகள், எந்த நிலையில் சத்தம் கேட்டது, எந்த நிலையில் நின்றது, எந்தப் பாகத்தைச் சந்தேகிக்கிறோம் என்பதை மூன்று வரியில் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். எழுதச் சொன்னாலே பாதிப் பேர் மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டுகள் நடக்கிறது. பெட்டியைப் பிரித்துப் பூட்டும் பயிற்சியோடு, கெட்டுப்போன பேரிங்கைப் பொருத்தி ஓடவிட்டு மாணவர்களைக் கேட்கச் செய்யும் பயிற்சிக்கும் அதில் நேரம் ஒதுக்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. அதில் இடம்பெறும் துறைகளில் வாகனத் துறையும் ஒன்று. தேய்மான அளவுகளும், இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்களின் தடிமன்களும் அடங்கிய பட்டறைக் கையேடுகள், தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கும் சேர்த்து, தமிழில் கிடைத்தால், புத்தகமின்றிக் கைப்பழக்கத்திலேயே அளவெடுக்கும் சிறு பட்டறைகளுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

பழைய வாகனங்களை வாங்கி விற்போர், மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அதிகாரச் சான்றிதழ் பெற வேண்டும், வண்டி தம் பொறுப்பில் வந்ததைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தம்மிடமிருக்கும் வண்டி எங்கே, எதற்காக ஓட்டப்பட்டது என்ற பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும். இத்தனை விவரங்களைப் பதியும் முறை வந்துவிட்ட பிறகு, வண்டி வெள்ளத்தில் மூழ்கியதா, கியர் பெட்டி ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் தரச் செய்வது அரசுக்குப் பெரிய காரியமாக இருக்காது. வாங்குவோரும், விற்பவர் எவராயினும், அந்த இரண்டையும் எழுதித் தரும்படி கேட்கலாம். பிறகு தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யும்போது அந்தத் தாள் கையில் இருக்கும்.

தங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை இதே பொருளில் எழுதும்போது, அந்த ஒரு வரிக்குப் பதிலாக, வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சை மூன்று முறை மிதித்து விட்டுக் கேட்கும் சோதனையையாவது சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. என் வண்டியில் இப்போது உறுமல் இல்லை. கெட்டி ஆயிலோடு ஓட்டிய வாரங்களில் தேய்ந்ததாலோ என்னவோ, குளிர்ந்த காலையில் இரண்டாவது கியர் மட்டும் இன்னும் லேசாகக் கரகரக்கிறது. அடுத்து கிளட்ச் தட்டு மாற்றப் பெட்டி இறங்கும்போது அந்தக் கியரின் சிங்க்ரோ வளையத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செங்கல்பட்டு